இருமல் கலந்த டோலக்

சத்தத்தை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவனைக் கண்டால், சத்தம் கொடுத்தவர், காசு கொடுத்தவர், சும்மா கேட்டுக்கொண்டு நின்றவர் என்று எல்லோருமே ஒரு தடவை தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் அப்படிப் பிழைத்தவன். வேலூரில் லாங் பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் என் ரெக்கார்டிங் அறை இருந்தது. சுவரெல்லாம் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ஃபோம் ஷீட். பாதம் பாதமாக வெட்டி எடுத்த ஓட்டைகளோடு அப்படியே ஒட்டியிருந்தேன். உள்ளே வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். ஏதாவது ஒரு சத்தத்தை மைக்கில் பிடிப்பேன். திரையில் அது கோடு கோடாக வந்து நிற்கும். வேண்டிய இடத்தை வெட்டி, இழுத்து நீட்டி, சுருக்கி, சில சமயம் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டு, ஒரு பாட்டுக்குள் வாத்தியமாக உட்கார வைப்பேன். அந்தத் துண்டுக்கு எங்கள் தொழிலில் சாம்பிள் என்று பேர்.

ஜெராக்ஸ் கடை வைத்தவர்களே, போட்டோவில் பருவை மறைத்துக் கொடுத்தவர்களே, "இதுல ஏதாச்சும் கோல்மால் பண்ணியிருக்கியா?" என்ற கேள்வியை ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும். கேளுங்கள்.

குடத்தைத் தட்டியவன்

தொழில் தொடங்கிய புதிதில் நல்ல உலோகச் சத்தம் ஒன்று தேவைப்பட்டது. லாங் பஜாரின் மறுகோடியில் ஒரு பாத்திரக்கடைக்குப் போய், தோள்பையில் சின்ன ரெக்கார்டரை ஓடவிட்டுக்கொண்டு, பித்தளைக் குடங்களை வரிசையாகத் தட்டினேன். குடம் வாங்க வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அவர்கள் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலை கேட்பார்கள். நான் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை நின்றேன். மூன்றாவது குடத்துக்கே கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. எல்லாம் சுத்தமாக, கோயில் மணி மாதிரி ஒலித்தன. கடைசியில் மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு குடத்தைத் தட்டியபோது, சத்தம் முடிகிற இடத்தில் லேசாகக் கரகரத்தது. அதைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் அருமையாக இருக்கும் என்று தோன்ற, "இதைக் குடுங்க" என்றேன். அது விரிசல் விட்டது, திருப்பி அனுப்ப வைத்திருக்கிறேன் என்றார். "விரிசல்தாங்க எனக்கு வேணும்" என்று உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொல்லிக் கெட்டவர்கள் வரிசையில் அன்று சேர்ந்தேன். அவர் என் தோள்பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குடத்தை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தார்.

"விரிசல் இருக்குதான்னு தட்டிப் பாக்குறவங்களைப் பார்த்திருக்கேன். விரிசலைத் தேடி வாங்க வர்றவனை வெச்சிக்கினு நான் நிம்மதியா கல்லாவுல உக்கார முடியாது. கெளம்புப்பா நீ!"

தனித்தனியா எதுக்கு?

அன்வர் பாய் ஆம்பூர்க்காரர். ஷூ ஃபேக்டரியில் வேலை, கல்யாணக் கச்சேரிகளில் டோலக். ஃபேக்டரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா தொழுகை முடித்துவிட்டு, டோலக்கை லுங்கித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். இந்தப் பக்கத்தில் அவரைப் போல டோலக் வாசிக்கிறவர் யாரும் கிடையாது. அவருடைய இடது கை விழுகிற 'தும்' ஒன்றுக்காகவே நான் பாட்டில் இடம் ஒதுக்கி வைப்பேன்.

முதல் நாளே அவரிடம், "பாய், இடது கையால ஒரே ஒரு அடி அடிச்சு நிறுத்துங்க. அப்புறம் வலது கையால ஒண்ணு. மெதுவா ஒண்ணு, பலமா ஒண்ணு. தனித்தனியா எடுத்துக்கிறேன்" என்று கேட்டேன். அவர் டோலக்கைக் கீழே வைத்துவிட்டார். "தனித்தனியா எதுக்கு?" என்றார். எங்காவது தாளம் பிசகினால் சரி செய்துகொள்ள உதவும் என்றேன். "பிசகினா கூப்பிடு, வந்து வாசிச்சிட்டுப் போறேன். ஆம்பூர் இன்னா அமெரிக்காவுலயா கீது?" என்றார். கம்ப்யூட்டரை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாடகைக்கு வந்த ஆள் வீட்டையே எழுதி வாங்கிவிடுவானோ என்று பார்க்கிற பார்வை அது.

அவர் பயம் நியாயமானதுதான். அவருடைய ஒவ்வொரு அடியும் தனித்தனியாக என் பெட்டிக்குள் போய்விட்டால், பிறகு கீபோர்டில் விரலை வைத்தே நான் டோலக் வாசித்துக்கொள்ளலாம். அவரைக் கூப்பிட வேண்டாம். ஃபேக்டரி அவருக்குச் சோறு போட்டது என்றாலும், நாலு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தது டோலக்கினால்தான். அதை இழக்க அவர் தயாராக இல்லை. ஃபேக்டரியில் அவர் இருந்ததும் சாம்பிள் செக்‌ஷன் என்பதால், அந்த வார்த்தையைக் கேட்டதுமே உஷாராகிவிட்டார்.

"வெளிநாட்டுக்காரன் கேக்குற மாடலை முதல்ல நான்தான் ஒரு ஜோடி தெச்சுக் குடுப்பேன் தோஸ்த். அது ஓகே ஆயிட்டா கீழே லைன்ல ஆயிரக்கணக்குல அவங்களே போட்டுக்குவாங்க. அதுக்கப்புறம் எவனாச்சும் மாடி ஏறி வந்து, அன்வரு எப்படிக்கீறேன்னு கேப்பான்றே?"

மிளகாய் மண்டிக்கு லீவு

சரி, தனித்தனியாக வேண்டாம், முழுப் பாட்டுக்கும் வாசியுங்கள், போதும் என்று ஒப்புக்கொண்டேன். பிரமாதமாக வாசித்தார். ஆனால் அங்கங்கே இருமினார். இல்லாவிட்டால் தொண்டையைச் செருமினார், "ம்" என்றார். கீழே மிளகாய் மண்டி அல்லவா, மூட்டை பிரிக்கும்போதெல்லாம் நெடி மேலே ஏறும். வாடிக்கையாளர்கள் எல்லோருமே ஒரு தும்மலாவது போட்டுவிட்டுத்தான் போவார்கள். "மிளகா பேஜாரு தோஸ்த்" என்பார் அவரும், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பிறகு உட்கார்ந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. இருமல் வந்த இடமெல்லாம் ஒரே மாதிரி இடங்கள். அடி விழுந்து, அந்த நாதம் தனியாக அடங்குகிறது பாருங்கள், வெட்டி எடுக்க வசதியான இடம், அங்கேதான் சரியாக இருமல் வந்து உட்கார்ந்திருந்தது. அடிகள் நெருக்கமாக விழுகிற இடத்தில் ஒரு செருமல்கூட இல்லை. மிளகாய் நெடிக்கு இவ்வளவு தாள ஞானம் எப்படி வந்தது?

காரணம் சொல்லாமல், அவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லி, அடுத்த ரெக்கார்டிங்கை வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். அன்றைக்கு மண்டிக்கு லீவு, சந்தில் ஈ காக்கை இல்லை, காற்று கண்ணாடி மாதிரி இருந்தது. அன்வர் பாய் வந்தார், வாசித்தார், அதே இடங்களில் இருமினார். "பாய், இன்னிக்கு மண்டி லீவு" என்றேன். அவர் டோலக்கின் கயிற்றை முறுக்கிக்கொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்.

"நேத்து கெளம்பின நெடி தோஸ்த், இப்பத்தான் மாடிக்கு வந்து சேருது."

சத்தத்துக்கும் இன்ஸ்பெக்ஷனா?

இப்படி என்னை நம்பாத மனிதர்தான் எனக்காகத் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தார். அங்கே அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய்கள் சுழலும். உள்ளே ஊறிய தோல்கள் மேலே ஏறி, 'தொப்' என்று விழும். அந்தத் 'தொப்'பைக் கொஞ்சம் மெதுவாக்கினால் பூமிக்கு அடியிலிருந்து அடிக்கிற மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. அவருடைய சித்தப்பா மகன் அங்கே வேலை பார்த்தார். அவரை வைத்து உள்ளே நுழைந்தோம்.

அந்த வருஷங்களில் தோல் கழிவு கலந்த பாலாற்றுத் தண்ணீர்ப் பிரச்சினை பெரிதாகி, எந்தத் தொழிற்சாலையிலும் கையில் பெட்டியோடு நுழைகிறவன் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிலை. நான் மைக்கை நீட்டியதும் சூப்பர்வைசர் ஓடி வந்தார். எங்களை உட்காரவைத்து இளநீர் கொடுத்தார். நாங்கள் கேட்காமலே கழிவுநீர் சுத்தம் செய்கிற தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். "சார், நாங்க பாட்டுக்காக வந்தோம், பீப்பாய் சத்தம் மட்டும் போதும்" என்றேன். அப்படிச் சொன்னதும் மனிதர் வெளிறிப் போனார். அன்வர் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அதாவது, நிஜமாகவே இருமினார்.

ரெக்கார்டிங் முடிந்து நான் ஹெட்போனைக் கழற்றும்வரை சூப்பர்வைசர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கூப்பியபடி வாசல்வரை வந்தார்.

"தண்ணி டெஸ்ட்டு எடுத்தீங்க, மண்ணு டெஸ்ட்டு எடுத்தீங்க, இப்போ சத்தமும் ஜாஸ்தியா கீதுன்னு எழுதிடாதீங்க சார், எண்ணெய் போட்டுடறோம்."

அந்த இடத்தில் ஒரு வாசனை

அந்தப் பீப்பாய்ச் சத்தத்தை ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் போட்டேன். ஒரு சபையின் பாடகர் குழு. ஞானசுந்தரம் சார் தலைமை. ரிடையரான ஹெட்மாஸ்டர், பாட்டெல்லாம் அவரே எழுதி மெட்டுப் போட்டவை. டோலக் அன்வர் பாய். அவருடைய இருமல்களை எப்படி மறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ரெக்கார்டிங் எல்லாம் முடிந்து கலவை செய்யும்போது, இருமல் வந்த இடத்திலெல்லாம் ஒரு மணிச் சத்தத்தை வைத்துவிட்டேன். கிறிஸ்துமஸ் பாட்டில் மணி அடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? "மணி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே தம்பி" என்று ஞானசுந்தரம் சார் மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். கர்த்தர் பிறந்த சந்தோஷம் சார் என்று சமாளித்தேன்.

பீப்பாய்ச் சத்தம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. "பெரிய சர்ச்சுகள்ல வாசிக்கிற ஆர்கனா?" என்று கேட்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். பெருமை பொறுக்காமல் இன்ன இடத்தில் பிடித்தது என்று சொல்லித் தொலைத்தேன். குழுவில் பாடிய ஆஸ்பத்திரி நர்ஸ் கிரேஸ் அக்கா, கண்ணை மூடி அந்தப் பாட்டை மறுபடியும் போடச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கைக்குட்டையை மெல்ல மூக்குக்குக் கொண்டுபோனார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்த எடம் வரும்போது மட்டும் லேசா ஒரு நாத்தம் வருதே, உங்களுக்கு வரலை?"

நாலு தடவையும் ஒரே மூச்சு

அதே ஆல்பம்தான். ஒரு பாட்டில் பல்லவி நாலு தடவை வரும். முதல் தடவை குழு அற்புதமாகப் பாடியது. அடுத்த மூன்றில் ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். நான் முதல் பல்லவியை எடுத்து மற்ற மூன்று இடத்திலும் ஒட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் இது பல் துலக்குகிற மாதிரி, யாரும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை.

கிரேஸ் அக்கா காதில் எதுவும் தப்பாது. "நாலு தடவையும் ஒரே எடத்துல மூச்சு வாங்குறேனே, அது எப்படி?" என்றார். ஞானசுந்தரம் சார் கண்ணாடியைக் கழற்றினார். நாலு விடைத்தாளில் ஒரே தப்பைப் பார்த்த ஹெட்மாஸ்டர் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒட்டியதை ஒத்துக்கொண்டேன். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். கேட்கிறவர்கள் யார் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. சார் குழுவை உட்காரவைத்து மூன்று பல்லவியையும் திரும்பப் பாடவைத்தார். முந்தினவர் அப்படியே முந்தினார், பிந்தினவர் பிந்தினார், அதுதான் ஆல்பத்திலும் இருக்கிறது. போகும்போது என் தோளில் கை வைத்து, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"மனுஷனுக்கு ஜெராக்ஸ் குடுக்கிறீங்க, சரி. ஆண்டவருக்குமா தம்பி?"

ஆட்டோவில் போன அன்வர்

ஆல்பம் வெளிவந்து அடுத்த வருஷம் இருக்கும். வெள்ளிக்கிழமைகூட இல்லை, திடீரென்று அன்வர் பாய் மாடி ஏறி வந்தார். டோலக் இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. "செஞ்சிட்ட இல்ல?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு செருப்புக்கடையின் தள்ளுபடி விளம்பரம், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஆம்பூர் முழுக்கச் சுற்றுகிறதாம். பின்னணியில் டோலக். அவருடைய டோலக். பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டாராம், தன் கை எது என்று தனக்குத் தெரியாதா? நான் அதைச் செய்யவில்லை, ஆனால் செய்யக்கூடிய ஆள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான் என்று அவர் நினைப்பதில் என்ன தப்பு?

அந்த விளம்பரக் கேசட்டை எப்படியோ வாங்கி வந்திருந்தார். போட்டுக் கேட்டோம். 'இரண்டு ஜோடி வாங்கினால்' என்று ஒருவர் கத்த, பின்னால் ஒரு துண்டு டோலக் திரும்பத் திரும்ப ஓடியது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு மணிச் சத்தம், அதன் கீழே மணிக்கு அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இருமல். தும் தக்கத் தக்க, டிங், லொக். தும் தக்கத் தக்க, டிங், லொக். ஊர் முழுக்க இந்த லொக்கோடுதான் செருப்பு விற்றிருக்கிறார்கள். நான் அவர் வாசித்த ஒரிஜினலை எடுத்துப் போட்டேன். அதில் மணி கிடையாது. மணி, நான் கடைசியாகக் கலவையில் சேர்த்தது. நான் வெட்டியிருந்தால் மணி இல்லாத ஒரிஜினலிலிருந்துதான் வெட்டியிருப்பேன். அப்படியானால் இதை வெட்டினவன் கடையில் விற்ற சி.டி.யிலிருந்து வெட்டியிருக்கிறான், என் பெட்டியிலிருந்து அல்ல.

மூன்று தடவை கேட்டார். மூச்சு விட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னார். அவர்கள் ஃபேக்டரியில் வெளிநாட்டுக்கு அனுப்பும் சாம்பிள் ஷூவின் அடியில் ஓர் ஓட்டை போட்டு அனுப்புவார்களாம். அழகு பார்க்கலாம், மாடல் எடுக்கலாம், ஆனால் விற்க முடியாது, போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாது. அவருடைய இருமலும் அதேதான். எனக்கு வந்த கோபத்தில், "அப்போ மிளகா நெடி?" என்று கேட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டை போட்ட ஷூவை மாட்டிக்கினு ஊரெல்லாம் சுத்தியிருக்கான் பாரு தோஸ்த், வெக்கங்கெட்டவன்!"

திருடாத குற்றம்

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். இரண்டு மணிக்கட்டிலும் கட்டு. தோலை இழுத்துப் பிடித்துத் தைத்துத் தைத்து, அங்கே ஓடும் நரம்பு நசுங்கிப் போயிற்றாம். ஆபரேஷன் ஆகிவிட்டது. விரல் அசைகிறது, கரண்டி பிடிக்க முடிகிறது. "தொடலாம், தட்டக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபேக்டரியில் அவரைச் செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள், அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. டோலக்கைப் பற்றிச் சொல்லும்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் டீ வாங்கி வரப் போனேன்.

திரும்பி வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறைக்காம சொல்லு. எனக்குத் தெரியாம என் கையை எவ்ளோ எடுத்து வெச்சிருக்கே?" என்றார். பழைய சந்தேகம்தான் என்று நினைத்து, பதறிப்போய், ஒன்றுகூட இல்லை, சத்தியமாக இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. மறுபடி கேட்டார். "தனித்தனியா, ஒவ்வொரு அடியா, நீ எடுத்திருப்பே. கீபோர்டுல வெச்சு வாசிக்கிறாப்பல. எடுக்காத ஆளா நீ?" என்றார். அவர் சண்டைக்கு வரவில்லை, கெஞ்சுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீபோர்டைத் தட்ட வேண்டியதில்லை, தொட்டால் போதுமே. அவர் கை என் பெட்டிக்குள் இருந்தால், அவரால் இன்னும் வாசிக்க முடியும். அதை நம்பித்தான் ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் தலையை ஆட்டினேன். என் யோக்கியத்தனத்தை நினைத்து எனக்கு அப்படியொரு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

"இத்தனை வருஷம் உன்னைச் சந்தேகப்பட்டேனே தோஸ்த், ஒரு நாளாச்சும் நீ திருடித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

கை யாரோடது?

என்னிடம் விலைக்கு வாங்கிய சாம்பிள் சி.டி. ஒன்று இருந்தது. அதில் டோலக்கின் எல்லா அடிகளும், இருமல் தும்மல் இல்லாமல், கழுவித் துடைத்தது போல இருக்கும். கீபோர்டில் ஏற்றிக் கொடுத்தேன். மூன்று நிமிஷம் விரலால் தொட்டு வாசித்தார். தாளம் கொஞ்சமும் பிசகவில்லை. பிறகு நிறுத்திவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா இது யாரு கை?" என்றார். யாரோ ஊர் பேர் தெரியாத ஒருவர் என்றேன். அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அதனால் பழைய ரெக்கார்டிங்குகளை எல்லாம் எடுத்தோம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை, அவர் பக்கத்தில் உட்கார, நான் தேடினேன். வெட்ட வசதியான இடத்திலெல்லாம் காவலுக்கு ஓர் இருமல் நின்றது. "இங்க பாரு, இதுல எப்படிப் பூந்திருக்கேன்" என்று ஆரம்பத்தில் அவருக்கே ரசனையாக இருந்தது. போகப் போகப் பேச்சு குறைந்தது. நெருக்கமாக விழுந்த அடிகளிலிருந்து கீறி, நீட்டி, வாலில் மெதுவாகக் கரைத்து, வலது கை அடிகளை ஒருவாறு தேற்றிவிட்டேன். இடது கையின் அந்தத் 'தும்' மட்டும் மசியவில்லை. அதன் நாதம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமும் இருமல் கூடவே போனது. இருமலைக் குறைத்தால் தும் செத்தது. தும்மைத் தூக்கினால் இருமல் எழுந்து உட்கார்ந்தது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அன்வர் பாய் திரையில் அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"இதை இப்படியே ஏத்திடு தோஸ்த். இவ்ளோ கெட்டியா ஒட்டிக்கினு கீறேன்னு எனக்கே தெரியாமப் போச்சு."

ஸ்பீக்கர் இருமியபோது

குடியாத்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. லுங்கி நெசவில் நல்ல பேர் எடுத்த குடும்பம். மெல்லிசைக் கச்சேரிக்கு அன்வர் பாயைச் சேர்த்துக்கொள்ள வைத்திருந்தேன். மேடையில் டோலக் இல்லை. அவர் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், கட்டு தெரியாமல் முழுக்கை சட்டை. நான் கீழே சத்தத்தைக் கவனித்துக்கொள்ளும் மேஜையில் இருந்தேன். இன்று சரிவரவில்லை என்றால் அவர் இனி மேடை ஏற மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் 'தும்'மைத் தொடாமலே சமாளித்ததில் இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவதில் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கச்சேரி பேசிவிட்டுப் போனவர் அவர்தான். "டோலக் சத்தம் கேக்குது, டோலக்கைக் காணோமே?" என்று ஆரம்பித்தார். போன மாதம் வேறொரு கல்யாணத்தில் ஒரு குழு சி.டி.யை ஓடவிட்டு வாயை அசைத்துவிட்டுப் போனதாம், அந்தக் கதை ஊர் முழுக்கத் தெரியுமாம். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். ஒயரை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற இளவட்டங்கள் "ரெக்கார்டு, ரெக்கார்டு" என்று கத்த ஆரம்பித்தார்கள். அன்வர் பாய் தலை நிமிரவில்லை. அவர் காது சிவந்துபோயிருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லி மண்டபத்துக்காரர் ஓடி வந்தார்.

பாட்டு முடிகிற இடத்தில் அந்த நீளமான தும் வர வேண்டும். அவர் தொட்டார். தும் விழுந்தது, மண்டபம் அதிர்ந்தது, அதன் பின்னாலேயே எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து 'லொக்' என்று இருமின. முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சித்தப்பா நிமிர்ந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மேடையில் தலை குனிந்திருந்த அன்வர் பாயைப் பார்த்தார். கையில் பிடித்திருந்த ஒயரைக் கீழே போட்டுவிட்டு, கத்திக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டார்.

"டேய், சும்மா இருங்கடா! மெஷினு எங்கனா இருமுமா? பாவம், உடம்பு முடியாதப்பகூட மனுஷன் வந்து வாசிக்கிறாரு, யாருனா போய் அவருக்குச் சுடுதண்ணி குடுங்க!"

ஊரில் ஒருவரும் என்னை நம்பாத இந்தத் தொழிலில் எனக்காக யோக்கியச் சாட்சி சொல்ல வந்த ஒரே ஆள், நான் வருஷக்கணக்கில் வெட்டி எறியப் பார்த்த ஒரு பொய் இருமல்தான்.